நான்கு நிமிடம்

கழனிவாசலில் மூடிக் கிடக்கும் அரிசி ஆலைக்குள்
இருபத்தெட்டு அடிப் படகு நிற்கிறது என்றால்
எல்லோரும் கேட்பது ஒன்றுதான்:
கடல் எங்கே?
தொண்டியில். ஐம்பது கிலோமீட்டர்.
ஐப்பசியில் டிரெய்லர் ஏறி வரும்,
தை பிறந்ததும் இறங்கிப் போகும்.
நடுவில் பெய்கிற மழைக்கெல்லாம்
அது என் பொறுப்பு.

வங்கியில் நான் நகை மதிப்பீட்டாளன்.
உரைகல், அமிலம், தராசு.
அதே தராசில் வருடம் ஒருமுறை
படகின் அடியில் கழற்றிய துத்தநாகக் கட்டியை வைப்பேன்.
மாட்டியபோது நானூற்றுப் பத்து கிராம்,
இப்போது நூற்றெண்பது.
மிச்சத்தைக் கடல் தின்றிருக்கிறது.
நல்லது. இது இல்லையென்றால்
புரொப்பல்லரில் பல் பதித்திருக்கும்.
வைத்த பொருள் திரும்பி வரக் கூடாது என்று
நான் வேண்டிக்கொள்ளும் ஒரே அடகு.

தண்ணீர் பம்புக்குள் ரப்பர் சக்கரம், ஆறு இதழ்.
போன மழைக்குத் திறந்தால் ஐந்துதான்.
புதிதை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
ஆறாவது எங்கே?
இரண்டு ஞாயிற்றுக்கிழமை குழாய் குழாயாய்த் தேடினேன்.
குளிர்விப்பானின் வாயில் ஒட்டியிருந்தது,
கருவாட்டுத் துண்டு மாதிரி.

மாசியில் சாத்தப்பன் வந்தார், சிங்கப்பூரிலிருந்து
இரண்டு தூண்டில் கழிகளோடு.
ஒவ்வொன்றும் என் பம்பின் விலை.
தொண்டியில் இபுராம்சா ஏறிக்கொண்டான்.
கரை மறைந்து அரைமணி இருக்கும்,
சீலா கடித்தது.
ரீல் கிறீச்சிட்டதில் எனக்கு மட்டும் கேட்டது
அடியில் இன்னொரு சத்தம்:
ஓடி ஓடி நிற்கிற பம்பு
நிற்காமல் ஓடுகிறது.

எஞ்சினை அணைத்தேன்.
நாலு பாகம் ஆழம், நங்கூரம் போனது.
மூடியைத் தூக்கினால் முழங்கால் தண்ணீர்,
வெடித்துப் பிளந்த குழாய்.
'இன்னும் ஒரு வருடம் தாங்கும்' என்று
நானே மதிப்பிட்ட குழாய்.

வால்வு திரும்பியது.
மாதம் ஒருமுறை, தேவையே இல்லாமல்,
கிரீஸ் தடவித் திருப்பி வைத்த வால்வு.
திரும்பாவிட்டால் சொருக
பக்கத்திலேயே மரக்கட்டை கயிற்றில் தொங்கியது.
மேலே சாத்தப்பன் 'பெரிசு, பெரிசு' என்று கத்த
இபுராம்சா யாரையும் கேட்காமல்
நரம்பை அறுத்தான்.

பிளந்த இடத்தை வெட்டி எறிந்து
இரண்டு கிளாம்ப் போட்டு முறுக்கினேன்.
"அதான் சரியாயிடுச்சே, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார்.
சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஊதுவிசிறியைத் தட்டினேன்.
பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம்.
புகையாது, மேலே வராது,
அடித்தட்டில் பாய் விரித்துப் படுத்திருக்கும்.
ஒரு பொறி போதும், மூவரும் செய்தித்தாளில்.
நான்கு நிமிடம்.

முதல் நிமிடம் அவர் கடிகாரம் பார்த்தார்.
இரண்டாவது நிமிடம் என்னைப் பார்த்தார்.
மூன்றாவதில் இபுராம்சா மூக்கை உயர்த்தினான்.
"அண்ணே."

குழாயோடு மல்லுக்கட்டியபோது
என் முழங்கால் பட்டு
பெட்ரோல் இணைப்பு தளர்ந்திருந்தது.
சொட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு சொட்டு.
பத்தொன்பது வருடம் பொய்த் தங்கம் பிடித்த கை இது,
இதையும் இதே கைதான் பார்க்காமல் விட்டது.

இறுக்கினேன். துணியால் ஒற்றி
வாளியில் போட்டு மூடினேன்.
மறுபடி விசிறி.
மறுபடி நான்கு நிமிடம்.
இந்தமுறை சாத்தப்பன் கடிகாரம் பார்க்கவில்லை.
அறுந்த நரம்பின் நுனியை விரலில் சுற்றுவதும்
அவிழ்ப்பதுமாக இருந்தார்.
ஐந்தாவது நிமிடத்தையும் யாரும் கேட்காமல் விட்டோம்.

மறுநாள் மதிய இடைவேளையில்
குழாய் வாங்கப் போனேன்.
"எவ்வளவு வேணும்?"
ஒரு அடி போதும்.
எட்டு மீட்டர் என்றேன்.