நடுத்தடம்

புக்கிட் தெராத்தாய்ச் சாலைக்கு மூன்று தடம்.
ஓரத்து இரண்டும் ஒரே சொல் பேசுகிறவை.
நடுவிலிருப்பது மட்டும்
காலையில் கிள்ளானுக்கு,
மாலையில் தோட்டத்துக்கு.

விடியுமுன் லோரியின் பின்பலகையில்
கால் தொங்கப் போட்டபடி கோன் இறக்குகிறேன்.
ஹஸ்னி ஓட்டுகிறான், நத்தைக்கு வழிவிட்டு.
மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு.
போன மாதம் பதின்மூன்று.
அந்த ஒன்று இப்போது
யார் வீட்டு வாசலிலோ
காருக்கு இடம் பிடித்து நிற்கிறது.

வண்டி ஓட்டுகிறவனே, தரையில் எதுவும் எழுதியில்லை,
தலைக்கு மேலே பார்.
பச்சை அம்பு கீழே குத்தி நின்றால் தடம் உனக்கு.
சிவப்புப் பெருக்கல் குறியா, எதிரே வருகிறவனுக்கு.
மஞ்சளில் பெருக்கல் என்றால்
பேச்சை நிறுத்து, கண்ணாடி பார், சிக்னல் போடு,
இடப்பக்கம் ஒதுங்கு.
பகலானாலும் விளக்கு எரியட்டும்.
செம்பனை லோரியை முந்தாதே,
குலை உன் மடியில் விழும்.
வலப்பக்கம் முனியாண்டி கோயில் வரும்.
கும்பிட்டுக்கொள். திரும்பாதே.

நேற்று இதே நேரம் இதிலேதானே வந்தேன் என்பான் ஒருவன்.
நேற்று ஞாயிறு, ஐயா.

மாலை நாலே முக்காலுக்கு
இரண்டு பக்கமும் சிவப்பு.
கடைசி வண்டி வெளியேறிப்
பன்னிரண்டு நிமிடம்
தடம் யாருக்கும் இல்லை.
இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குக்
கோன்களை மாற்றி வைப்பதற்குள்
பாக்கெட் தேநீர் ஆறிவிடும்.

போன வியாழன் அந்த நேரத்தில்தான்
கையுறை ஃபேக்டரி பவளரேகா
மோட்டாரை உருட்டிக்கொண்டு கோன்களுக்குள் வந்தாள்.
பின் இருக்கையில் ரைஸ் குக்கர்,
ரப்பர் கயிற்றால் மூன்று சுற்று.
கூடையில் துணி.
"இப்ப இது யாரோட ரோடு?"
"யாரோடதும் இல்ல."
ஹெல்மெட்டைக் கழற்றினாள்.
என் தேநீரில் பாதியைக் குடித்தாள்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒரு நிமிடம்.
அடுத்த அம்பு தோட்டத்தை நோக்கி.
தூரத்தில் ஷிஃப்டு முடிந்த பஸ்கள்
மூக்கை நீட்டிக் காத்திருந்தன.
ஏதோ ஒன்றில் அவள் புருஷன்.

இடப்பக்கம் ஒதுங்கினாள்.
விளக்கு. சிக்னல்.
கண்ணாடியை ஒரு முறை பார்த்தாள்,
விதி கேட்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.
பிறகு கிள்ளான் பக்கம்.

ஹஸ்னி ஹார்ன் அடித்தான்.
எந்த எண்ணில் விட்டேன் என்று நினைவில்லை.
முதல் கோனுக்கு நடந்தேன்.