மூடி

சனி இரவு, கந்தன்சாவடி, நாலாவது மாடி.
ஃபேனை அணைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்,
பஞ்சு பறக்கும்.

டப்பா முறுக்கு வாங்கியபோது வந்தது.
மூடிக்குள் ரப்பர் வளையம்.
எத்தனை முறை கழுவியும்
எள் வாசனை போகவில்லை.

அடியில் வினிகர்,
சொறிமீன் தீண்டினால் ஊற்ற.
அதன்மேல் க்ரீப் பேண்டேஜ், டெட்டால், முள் எடுக்கும் இடுக்கி.
உப்புச் சர்க்கரைப் பொட்டலம் நாலு.
மே மாதமென்றால் பத்து.

இஸ்மத்துக்கு இன்ஹேலர்.
அவளிடமும் ஒன்று உண்டு,
காரில் இருக்கும்,
கார் கரையில் இருக்கும்.

வேதமுத்துவுக்கு ஒட்டுப் பிளாஸ்திரி.
அரை மணி நேரத்தில்
கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம் வந்துவிடும்.
துடுப்பைக் கழுத்தைப் பிடிப்பதுபோல் பிடிக்கிறான்.
கடன் வசூல் பிரிவில் வேலை.

கெளுத்தி குத்தினால் வெந்நீர்தான் மருந்து.
அது பிளாஸ்க்கில், தனியாக.
டீ என்று திறந்து பார்த்துத்
திட்டுகிறார்கள் என்னை.

போன மாதம் முட்டுக்காட்டில்
இடுப்பளவுத் தண்ணீரில்
கையால் இறால் துழாவிக்கொண்டிருந்தார் கன்னிம்மா.
பறியைப் பல்லால் கடித்திருந்ததால்
பேசவில்லை.
காலைத் தூக்கிப் படகின் விளிம்பில் வைத்தார்.
சிப்பி கிழித்த உள்ளங்கால்.

டப்பாவைத் திறந்தேன்.
ஏழு வருடத்தில் முதல் நிஜக் காயம்.
கை நடுங்கியது எனக்குத்தான்.
கத்தரி துருப்பிடித்து வாய் திறக்கவில்லை.
டேப்பைப் பல்லால் கிழித்தேன்.

கட்டி முடித்ததும்
பறியைக் கையில் எடுத்து,
அதன் அடியில் ஓலை விட்டிருந்த இடத்தைக் காட்டி,
"இதுக்கும் ரெண்டு சுத்து போடேன்" என்றார்.
போட்டேன்.
காலில் கட்டியது தண்ணீரில் இறங்கியதும் அவிழ்ந்தது.
பறியில் ஒட்டியது நின்றது.
நாங்கள் திரும்பும்போதும்
இறால் உள்ளேதான் இருந்தது.

அதனால் இந்த முறை
டேப் மூன்று சுருள்.
கத்தரி புதிது, எண்ணெய் தடவி, பாலித்தீன் சுற்றி.
விசில். டார்ச்.
நாலு பேரின் ரத்த வகையும் எழுதிய சீட்டு.
என்னுடையதை மட்டும்
இரண்டு முறை எழுதியிருக்கிறேன்,
ஏனென்று தெரியவில்லை.

மணி பதினொன்றரை.
குளியலறை பக்கெட்டில் தண்ணீர் பிடித்து
டப்பாவை இரண்டு கையாலும் அமுக்குகிறேன்.
மேலே வரப் பார்க்கிறது.
விடாமல் அமுக்குகிறேன்.

ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
ஓரத்தில்
ஒரு குமிழி.

துடைத்து, திறந்து,
வளையத்தைச் சரிசெய்து
மறுபடி மூடுகிறேன்.