மாவு மில் தராசு

மில் திறந்ததும்
மக்காச்சோளம் நிறுக்கும் தராசில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுகிறேன்.
அறுபத்து மூன்று.
மூட்டைக் கணக்கின் ஓரத்தில் குறிக்கிறான் ராபிட்சோ,
விலை மட்டும் போடாமல்.

ஒரு வாரத்தில் இரண்டு கிலோ கூடினால்
உடனே மலையிறங்கி வரச் சொல்லியிருக்கிறாள் நர்ஸ்.
மொகோட்லோங் ஆஸ்பத்திரித் திரையில்
என் இதயத்தைக் காட்டினாள்:
துவைத்துத் துவைத்துத் தொளதொளத்த கம்பளிச் சட்டை.
விரிகிறது; திரும்பச் சுருங்க மனமில்லை.
"ரத்தத்தில் கிருமி தென்படவே இல்லையே" என்றாள்.
பதினொரு வருஷம் ஒரு மாத்திரை தப்பவிடாதவள் நான்.
பதுங்கினவன்
வெறுங்கையோடு பதுங்கவில்லை.

அன்று நான் மெலிந்தபோது
குழாயடியில் வாளியை நகர்த்திக்கொண்டவர்கள்
இன்று வழிமறித்துச் சொல்கிறார்கள்:
"பூசினாற்போல் இருக்கிறாய், மாத்செலிசோ!"
சிரித்துவைக்கிறேன்.
வீட்டுக்கு வந்து
கணுக்காலில் விரலை அழுத்துகிறேன்.
குழி விழுகிறது.
மெல்ல, மிக மெல்லத் தூர்கிறது.

இரவில் மூன்று தலையணை,
அதன்மேல் மடித்த போர்வை.
மட்டமாய்ப் படுத்தால் மூழ்கிவிடுவேன்,
இத்தனை உயரத்தில்,
நீரே இல்லாத இந்த மலையில்.

இன்று அறுபத்தைந்தரை.
ராபிட்சோ பென்சிலைக் காதில் செருகவில்லை.
வெளியே போய்க் குதிரைக்குச் சேணம் பூட்டுகிறான்.
"ஒரு மூட்டை கீழே போகணும்"
என்கிறான் வரிசையில் நிற்பவர்களிடம்,
என் பையைக்
கையில் எடுத்தபடி.