பொருந்தாத எண்

காட்பாடியில் ரயில் கடக்கும்போதெல்லாம்
அதிர்ந்தது அவர் வீட்டு ஜன்னல்.
கோணியைப் பிரித்தார் பூங்காவனம்:
இஷாப்பூர், நாற்பத்து மூன்று.
குழலில் ஈயம் அடைத்து, ஊசி பிடுங்கிய
ஊமை த்ரீ நாட் த்ரீ.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.
குழலில் ஒரு நம்பர், போல்ட்டில் வேறு.
"பொருந்தல சார். பாதி விலைதான்."

வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றினார்.
பாகாயத்தில் செய்த இடது கால்.
அதன் கெண்டையிலும் யாரோ பென்சிலில் எழுதிய எண்.
"இதுகூடத்தான் பொருந்தல.
நேத்து கோட்டைய ரெண்டு சுத்து வந்தேன்."

முழுப் பணத்தையும் எண்ணி வைத்தேன்.
ஒரு நூறு அதிகமென்று திருப்பித் தந்தார்.

ராத்திரி, சோப்பு போட்டும் போகாமல்
சோற்றில் ஆளிவிதை எண்ணெய் வாசம்.
உரிமப் படிவத்தில்
'வாங்கும் காரணம்' மட்டும்
இன்னும் எழுதவில்லை.