படம் 4: அ, ஆ, இ

வால்பரைசோவில் இன்றும் மூடுபனி.
துறைமுகக் கிரேன்கள் கழுத்துவரைதான் தெரிகின்றன.
காலை பத்துக்குள் அறிக்கை
நகராட்சி மேசைக்குப் போக வேண்டும்.
மீதி ஒரே ஒரு பக்கம்.
அதில் மூன்று படங்கள், விதிமுறைப்படி ஒரே வரிசையில்.

(அ) நிபால்டோ ஓயார்சூனின் படுக்கையறைச் சுவர்.
(ஆ) அதே சுவர், மறுபக்கம்:
எதெல்வினா காயுபிலின் சமையலறை.
(இ) இரண்டு வீட்டுக்கும் அடியில்
நான் ஆள் வைத்துத் தோண்டிய குழி.

பதினைந்து சென்டிமீட்டர் தடிமன்தான் அந்தச் சுவர்.
ஒன்பது வருடமாக
அவர் ஆணி அடித்தால் இவர் ரேடியோவைக் கூட்டுவார்.
விரிசலுக்குக் காரணம் நீதான் என்று
மனுவுக்கு மனு.

அளவு தெரிவதற்காக
நூறு பெசோ நாணயம் ஒன்றை
விரிசலோரம் பிடித்துக்கொண்டார் நிபால்டோ.
இரவெல்லாம் பேருந்து ஓட்டி வந்த விரல்கள்,
லேசாக நடுங்கின.
அவர் தொட்ட நாணயத்தைத் தொடமாட்டேன் என்று
எதெல்வினா ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்.
"இதன் அளவு யாருக்குத்தான் தெரியாது?"

பக்க அகலத்தில் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு
என்று எழுதிக் கொடுத்தேன்.
கணக்கு சரி.
ஆனாலும் மூன்றாவது படம் கீழே விழுந்தது.
வரி முடிந்து வரி மாறும் இடத்தில்
நான் வைக்காத ஓர் இடைவெளி
தானாக வந்து உட்கார்ந்து
தனக்கும் பங்கு கேட்கிறது.
வரிக்கடைசியில் சதவீதக் குறி போட்டு
அதன் வாயை அடைத்தேன்.

பிறகும் விழுந்தது.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தேடினால்
இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில்
ஒரு வெற்று வரி.
மூச்சு வாங்க நான் விட்டது.
பத்தி முடிந்தது என்று எடுத்துக்கொண்டிருக்கிறது கணினி.
பேசாமல் இருப்பதும் ஒரு கட்டளை அதற்கு.
(அந்த இரண்டு வீட்டாருக்கும் அப்படித்தான்.)

அழித்தேன். மூன்றும் வரிசையில் நின்றன.
உயரம் ஒன்றாக்க ஓரம் கத்தரித்தபோது
நிபால்டோவின் விரல்கள் போய்
நாணயம் அந்தரத்தில் தொங்கியது.
மனசு கேட்கவில்லை, திரும்பக் கொண்டுவந்தேன்.
அப்போதுதான் பார்த்தேன்.

(அ)வில் விரிசல்
இடது மூலையிலிருந்து வலப்பக்கம் ஏறுகிறது.
(ஆ)வில் அதே விரிசல்,
உச்சியிலிருந்து வலப்பக்கம் இறங்குகிறது.
நடுவில் அரை சென்டிமீட்டர் வெள்ளைத் தாள்.
பிள்ளைகள் வரையும் வீட்டுக்கூரை மாதிரி
இரண்டு கோடும் சாய்ந்து நிற்கின்றன.
ஒரு கூரை. நாணயம் ஒரு பக்கம்,
எலுமிச்சை ஒரு பக்கம்.

சதுர மீட்டர் சதுர மீட்டராக அந்தச் சுவரை அளந்தவள் நான்.
இது என் கண்ணில் படவே இல்லை.

வெற்று வரியை மறுபடி வைத்தேன்.
குழி கீழே இறங்கியது,
கூரைக்கு நேர் அடியில், ஈரமாக,
உடைந்த மண்குழாயோடு.
ஒரே வரிசை என்பது விதி.
திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும்.

படக்குறிப்பில் இவ்வளவுதான் சேர்த்தேன்:
கசியும் குழாய் நகராட்சிக்குச் சொந்தமானது.
எலுமிச்சை, குறுக்களவு சுமார் ஆறு சென்டிமீட்டர்.