ஏழாவது கலம்

கத்திரி முடிய இன்னும் நாலு நாள்.
ஒடுகத்தூரில் ஆட்டுச்சந்தை கலைகிறது.
தெற்கே ஜவ்வாது மலைமேல்
யாரோ சமையலறை விளக்கைப்
போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி.
சத்தமில்லை.
மேகத்துக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல்.
அதற்கெல்லாம் என்னிடம் படிவம் கிடையாது.

தரையைத் தொட்டால்தான் எனக்கு வேலை.
நான் கிராம நிர்வாக அலுவலர்.
ஏழாவது கலம்: இறப்புக்கான காரணம்.
இரண்டே எழுத்து எழுதுவேன்:
இடி.

முனிரத்தினத்துக்கு அதைத்தான் எழுதினேன்.
மழைக்குப் புளியமரத்தடியில் ஒதுங்கினார்.
விழுந்தது மரத்தின் மேல்.
ஈரப்பட்டையில் பாதிவழி இறங்கியபின்
மரத்தைவிட இந்த ஆள் நல்ல பாதை என்று
தோளுக்குத் தாவியிருக்கிறது.
பட்டை உரிந்த கோடு
அவர் தோள் உயரத்தில் நின்றுபோயிருந்தது.
டேப் வைத்து அளந்தேன்.
நாலடி எட்டு அங்குலம்.

பூங்காவனத்தின் மூன்று மாடுகளுக்கும் அதேதான்.
அவற்றின்மேல் எதுவும் விழவில்லை.
ஏரிக்கரையில், முப்பது தப்படி தள்ளி,
ஒற்றைப் பனையில் இறங்கி
மண்ணில் பரவி
முன்னங்காலில் ஏறிப் பின்னங்காலில் வெளியே போனது.
வழியில் இதயம் இருந்தது.
பக்கத்தில் மேய்ந்த கோழி பிழைத்துக்கொண்டது;
அதற்குக் கால்கள் நெருக்கம்.
விளக்கிச் சொன்னேன்.
"கோழிக்கு இருந்த புத்தி
என் செவலைக்கு இல்லாம போச்சா" என்றாள்.

தேசம்மாளுக்கு எழுதும்போது பேனா நின்றது.
தலைக்குமேல் துடைத்துவிட்ட வானம்.
மொட்டைமாடியில் மல்லாட்டை அள்ளிக்கொண்டிருந்தாள்.
மேகம் அமிர்தி பக்கம், பத்து கிலோமீட்டர்.
கூட்டத்தை விட்டு ஒன்று மட்டும்
பக்கவாட்டில் நடந்து வந்து
வெயிலில் இறங்கியிருக்கிறது.
முறத்தில் இருந்தது அப்படியே கிடந்தது,
ஒண்ணுகூட வறுபடல மேடம் என்று
மருமகன் மூன்று முறை சொன்னான்.

செல்போன் கோபுரத்தின் உச்சியிலிருந்து
ஒரு மின்னல் மேலே போனதைப் பார்த்ததாக
வாட்ச்மேன் அஸ்கர் சொல்கிறார்.
இருக்கலாம்.
மேலே போனதற்கு நிவாரணம் இல்லை.

கன்னியப்பன் சாகவில்லை.
அவன் மனுவில் இருக்கும் கோளாறே அதுதான்.
கம்பிவேலியைப் பிடித்தபடி ஆடு ஓட்டியவன்.
மின்னல் விழுந்தது வேலியின் அடுத்த முனையில்.
முதுகு முழுக்கச் சிவப்பாக ஒரு செடி முளைத்து
டாக்டர் சீட்டு எழுதுவதற்குள் உதிர்ந்துவிட்டது.
இப்போது மிக்சி ஓடினால் தெருவுக்கு ஓடுகிறான்.
மகள் பேர் நுனிநாக்கில் நிற்கிறது, வருவதில்லை.
உறுப்பிழப்பு: இல்லை.
திங்கள்தோறும் சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறி
மனு கொடுக்கிறான்.
மனு மலையைச் சுற்றி என் மேசைக்கே வருகிறது.

இடி ரொம்பச் சத்தமா என்று
முட்டாள்தனமாக ஒருநாள் கேட்டேன்.
"சத்தமே கேக்கலம்மா.
வாசனதான் வந்துச்சி.
புது நோட்டுப்புஸ்தகம் பிரிச்ச மாதிரி."

அன்றிரவு தூங்கவில்லை.
இடி விழ என்று திட்டுகிறோம்,
இடி விழுந்து செத்தான் என்கிறோம்.
முனிரத்தினம் கேட்டிருக்க மாட்டார்.
தேசம்மாளும்.
கேட்டது நாம்.
அது பிழைத்தவர்களின் சொல்.

அடுத்த படிவத்தில் மின்னல் என்று எழுதினேன்.
தாலுகா ஆபீஸிலிருந்து திரும்பி வந்தது,
சிவப்பு மையில்:
இடி எனத் திருத்துக.
திருத்தினேன்.

இப்போது மலை பக்கம் ஒரு கொடி,
கிளை பிரிந்து, வேர் தரையில்.
எண்ணுகிறேன்.
ஒன்பதில் உறுமியது. மூன்று கிலோமீட்டர்.
வண்டியை விட்டுவிட்டு
ரேஷன் கடைக்குள் ஓடினேன்.
எதிரே வேப்பமரத்தடியில் இரண்டு பேர்.
கத்திக் கூப்பிட்டேன்.
இந்தமுறை ஆறு.
ஒருவர் வந்தார்.
இன்னொருவர் கையைக் காட்டினார்,
பீடி முடியட்டும் என்று.