இடம்

ஜித்தாவில் ஏழரை மணி, பனச்சமூட்டில் பத்து.
கான்சுலேட் வரிசையில் நின்றபடி கூப்பிடுகிறார்:
"பின்கோடு எதைப் போட?"

முன்னறையில் நின்றால் எங்கள் வீடு தமிழ்நாடு.
அடுக்களைக்குப் போனால் போன் ஒரு தடவை துடித்து
கேரளத்துக்கு வரவேற்கிறது.
கரண்ட் பில் அந்தப் பக்கம்,
ரேஷன் கார்டு இந்தப் பக்கம்,
கிணற்றை யாரும் பதிவு செய்யவில்லை.
"தமிழ்நாட்டையே போடுங்க," என்றேன்,
"கட்டில் கிடக்கது இங்கதானே."
சிரித்தார்.
அதற்குள் மைக்கில் தாசய்யன் என்று கூப்பிட்டார்கள்,
பதினோரு வருசமாகக் கல்லறைத் தோட்டத்தில் கிடக்கிற
என் மாமனாரை.
"நான்தான், நான்தான்" என்று
டோக்கன் நூற்றிப் பதினாறோடு இவர் ஓட
லைன் அறுந்தது.

பத்தொன்பது நாள் கழித்து
பளுகல் ஸ்டேஷனிலிருந்து ஒரு போலீஸ்காரர்.
ரப்பர் ஷீட் காயும் கொடிக்குக் கீழே பைக்கை நிறுத்தி
மூக்கைச் சுளித்தார்.
முத்துக்கருப்பன், மானாமதுரைக்காரர்.
நான் பேசுகிற தமிழில் பாதிதான் அவருக்குப் பிடிபட்டது.
"சர்வே கல் எங்கம்மா?"
துணி துவைக்கிற கல்லைக் காட்டினேன்.
கல்யாணமாகி வந்த மறுநாள் முதல் அதில்தான் அடிக்கிறேன்.
ஒரு முகத்தில் ஏதோ வெட்டியிருந்தது,
சோப்பும் சேலையும் பட்டுப் பட்டு
இப்போது அது எந்த மொழியிலும் எழுத்தில்லை.
எழுதிக்கொண்டார். என்ன எழுதினாரோ.

சாட்சிக்கு அக்கம்பக்கத்தில் ரெண்டு பேர் வேண்டுமாம்.
கிழக்கே கோழிக்கடை பீருக்கண்ணு
ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு ஒப்பிட்டார்.
மேற்கே வத்சலா சேச்சி.
என் ரெண்டாம் பிரசவத்துக்கு நடுராத்திரி ஜீப் பிடித்தவள்,
இவருக்கு விசா வந்த அன்று பாயசச் சட்டியோடு வந்தவள்,
கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
பேனா மூடியைத் திறந்தாள்.
ஆதாரைத் திருப்பிப் பார்த்து முத்துக்கருப்பன் சொன்னார்:
"இவங்க வேற ஸ்டேட். செல்லாது."
மூடியைப் போட்டாள். டக்கென்று கேட்டது.
"ஓ, ஞான் வேறெ," என்றாள்.
மரச்சீனி இலைகளுக்கு மேல் அவள் தலை
கொஞ்ச தூரம் தெரிந்தது.

போன மாசம் வாடகைக்கு வந்த டைல்ஸ் வேலைக்காரர்,
இவரை ஒருநாளும் பார்க்காதவர்,
'பல வருடங்களாக நன்கு அறிவேன்' என்ற வரிக்குக் கீழே
அழகாகக் கையெழுத்துப் போட்டார்.
அவருடைய கதவு தமிழ்நாட்டில் திறக்கிறது.

கடைசியாக, அங்க அடையாளம்.
"கழுத்தில் ஒரு மச்சம்."
"எந்தப் பக்கம்?"
"வலம்."
"இதுல இடதுன்னு இருக்கே?"

நாலு வருசம் ஏழு மாசம்.
கண்ணை மூடினேன்.
திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் எதிரே நிற்கிறார்,
சட்டைக் காலர் உள்ளே மடங்கியிருக்கிறது,
சரிசெய்ய என் வலது கை போகிறது,
விரல் அதில் படுகிறது.

"எனக்கு வலம் சார்," என்றேன்.
"அவருக்கு இடமா இருக்கும்."

முத்துக்கருப்பன் பேனாவை நிறுத்தினார்.
தன் கழுத்தை ஒரு பக்கம் தொட்டார், பிறகு மறுபக்கம்.
மரச்சீனித் தோட்டத்தை ஒருமுறை பார்த்தார்.
"இடதுன்னே இருக்கட்டும்."
முந்நூறு ரூபாயை அவர் கேட்கவில்லை,
கொடுத்தபோது வேண்டாமென்றும் சொல்லவில்லை.

ராத்திரி கூப்பிட்டார்.
"சாட்சிக்கு யாரு, சேச்சிதானே?"
அடுக்களையில் நின்றிருந்தேன்.
"ஆமா."
"அவ போட்டா போதும்," என்றார்.

போனை விளக்குப் பக்கம் பிடித்து
கழுத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன்.
"எதுக்கு?"
வெறுதே. திருப்புங்க.